வாஸ்து மீனுக்கு வந்த அயிரை

பேச்சியம்மாள் தன் ஆயுளில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை என்று உறவினர்கள் ஒரே குரலில் சொல்வார்கள். உண்மைதான். எதிர்த்துப் பேசுவது ஒரு காரியம். தலையை ஆட்டிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வது வேறொரு காரியம். பேச்சியம்மாள் இரண்டாவதில் தேர்ந்தவள். மாமியார் சினிமாவுக்குப் போகக் கூடாது என்றபோது தலையை ஆட்டினாள், போனாள். டாக்டர் சர்க்கரையை நிறுத்துங்கள் என்றபோது தலையை ஆட்டினாள், கருப்பட்டிக்கு மாறினாள். அசோக் நகர் வீட்டைக் கட்டிய என்ஜினீயர், வாஷிங் மெஷின் காலத்தில் கொல்லைப்புறம் துவைகல் எதற்கு என்று கேட்டபோதும் தலையை ஆட்டத்தான் செய்தாள். கல் இன்றும் கிடக்கிறது. மெஷின்தான் மூன்றாவதாக மாறியிருக்கிறது.

ஆகவே மகன் ராம்குமார் ஒரு திங்கட்கிழமை காலை, "இனிமே நம்ம வீட்ல அசைவம் கெடையாதும்மா" என்று அறிவித்தபோது அவள் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தது எல்லோருக்கும் கலக்கமாக இருந்தது. மருமகள் கீர்த்தி டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

"அப்ப ஒங்க அப்பா படையலுக்கு?" என்றாள் பேச்சியம்மாள்.

"சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம். இப்ப எல்லாரும் அப்படித்தாம்மா மாறிட்டாங்க."

"அவுகளும் மாறிட்டாகளா?"

அவுக என்றால் தனபாலன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடித் தள்ளுபடி உச்சத்தில் இருந்த ஒரு நாளில் இறந்துபோனார். ஜவுளி வியாபாரத்துக்கு அவர் செய்த ஒரே துரோகம் அதுதான் என்று கடையில் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். இறந்த நாளில் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பீடி பிடித்தவருக்குப் பீடி, பிராந்தி பிடித்தவருக்குப் பிராந்தி. போய்ச் சேர்ந்தவரைத் திருத்தப் பார்ப்பது அந்தக் குடும்பங்களில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. தனபாலனுக்குப் பிடித்தது அயிரைமீன் குழம்பு.

அயிரை என்பது சுண்டுவிரல் நீளம் வருவதற்கே யோசிக்கிற மீன். மண் நிறம், சின்ன மீசை, வழுவழுப்பான உடம்பு. குளத்துச் சேற்றிலும் வாய்க்கால் மணலிலும் புதைந்து கிடக்கும். உயிரோடு வாங்கி, உயிரோடு சட்டி வரைக்கும் கொண்டுவர வேண்டும்; செத்த அயிரையைச் சமைப்பதும் சமைக்காமல் இருப்பதும் ஒன்று. மழைக்காலத்தில் சும்மா அள்ளிக்கொண்டு போன மீன், வயலில் மருந்தும் ஆற்றில் மணல் லாரியும் இறங்கிய பிறகு, கல்யாண மோதிரத்தைப் போல எடை பார்த்து வாங்குகிற சங்கதியாகிவிட்டது. அதுவும் கிடைத்தால்.

முதல் வருஷப் படையலுக்கு மதுரையிலிருந்து ஆம்னி பஸ்ஸில், ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் வரவழைத்தாள். விழுப்புரம் தாண்டி பஸ் பஞ்சராகி நின்றது. மீன்கள் கிளாம்பாக்கத்துக்குப் பிணமாக வந்து இறங்கின. இரண்டாம் வருஷம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஒருத்தன் கெளுத்திக் குஞ்சுகளைக் காட்டி அயிரை என்று சத்தியம் செய்தான். "மீசை கீதுல்லம்மா?" என்றான். "மீசை வெச்சவன்லாம் எம் புருசனா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டு வருஷமும் இலையில் குழம்புக்குரிய இடத்தில் வெறும் கிண்ணத்தைத்தான் வைத்தாள். உறவினர்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வடையை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் வைத்தே தீருவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ராம்குமார் சைவத்தோடு இன்னொரு காரணத்தையும் கையில் வைத்திருந்தான். போனை நீட்டினான்.

"இதப் பாரும்மா. அந்த மீனே அழிஞ்சுக்கிட்டு இருக்காம். நாமளே அதைச் சாப்பிட்டா எப்படி? நமக்கும் ஒரு பொறுப்பு இருக்குல்ல?"

ஒரு ஜீவராசியின் எதிர்காலத்தைப் பற்றி ராம்குமார் கவலைப்பட்டுப் பேச்சியம்மாள் பார்த்தது அதுவே முதல் தடவை. ஒரு முகூர்த்தப் புடவைக்குள் எத்தனை ஆயிரம் பட்டுப்புழு வெந்திருக்கிறது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது தொழில்; தொழிலில் சைவம் அசைவம் பார்க்க முடியாது.

"அது அழிஞ்சுபோச்சுன்னு ஒனக்கு இன்னிக்கித்தான் தெரியுது. எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். தேடிப் பாத்தவளுக்குத்தான்டா இல்லைங்கிறது தெரியும்" என்றாள். பிறகு வழக்கப்படி தலையை ஆட்டினாள். ராம்குமார் நிம்மதியாகக் கடைக்குப் போனான். அம்மாவோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்தும் அந்தத் தலையாட்டலின் பொருள் அவனுக்குப் பிடிபடவில்லை.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் பேச்சியம்மாள் கல்யாணமாகித் தி.நகருக்கு வந்தபோது அது ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பொந்து. தனபாலனுக்குத் தன் ராசி மேல் நம்பிக்கை இல்லாததால் பெண்டாட்டி பேரை வைத்தார்: பேச்சி ஜவுளி ஸ்டோர். முன்னால் அவர் துணி கிழிக்க, பின்னால் பம்ப் ஸ்டவ்வில் அவள் ஊரிலிருந்து வந்த கடைப் பையன்களுக்கு வடித்துப் போட்டாள். பொந்து கடையானது, கடை மாடியானது. கடைசியில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் கண்ணாடி போட்ட கட்டடமாகி, லிப்ட் வந்து, ஏ.சி. வந்து, ராம்குமாரும் வந்தான். வந்தவன் பேரை பி.டி. சில்க்ஸ் என்று சுருக்கினான். பேச்சி என்றால் கஸ்டமருக்கு காஞ்சிபுரம் ஞாபகம் வராது, கருவாடுதான் ஞாபகம் வரும் என்பது அவன் ஆராய்ச்சி. மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்ட மெஸ் மட்டும் மாறவில்லை. கடை ஆட்களுக்கு இன்றும் அங்கேதான் சாப்பாடு.

புதுக் கட்டடத்துக்கு ஒரு வாஸ்து நிபுணர் வந்தார். தரைத்தளத்தின் வடகிழக்கு மூலையில் பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் ஒற்றை அரோவானா மீன் என்றார். அதே மூச்சில், முதலாளி சுத்த சைவமாக இருப்பது நல்லது என்றும் சொன்னார்; அது ராம்குமாருக்கு இத்தனை நாள் கழித்து இப்போதுதான் உறைத்திருந்தது. மீன் அசைவம், முதலாளி சைவம். இதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரியவில்லை. தகடு தகடாகப் பொன் செதில், எப்போதும் எதையோ மறுக்கிற மாதிரி தூக்கிய வாய், கல்லாவிலிருந்து எழுந்து வருகிற பெரிய மனுஷனின் நடை. விலையைக் கேட்டால் மூச்சு நிற்கும் என்பதால் கஸ்டமர்கள் கேட்காமல் செல்பி மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் முன் விளக்கேற்ற வந்தாள் பேச்சியம்மாள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே அலுவல் அது. வெளியே ஷட்டருக்கு முன்னால் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் இடித்துப் பழகிக்கொண்டிருந்தது. தொட்டியைப் பராமரிக்கிற டில்லிபாபு, வழக்கமாகக் கடை அடைத்த பிறகு வருகிறவன், அன்று காலையிலேயே வந்து ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம்; நடு வயசு, நரைத்த மீசை, அந்த மீசைக்குச் சம்பந்தமில்லாத வாய்.

பையில் தண்ணீர். தண்ணீரில் மண் நிறத்தில் என்னவோ நெளிந்தன. பேச்சியம்மாள் தீப்பெட்டியைக் கையில் வைத்தபடியே கிட்டப் போனாள்.

"இன்னாம்மா அப்டி பாக்குற? புழு இல்ல, மீனு."

"மீனுன்னு எனக்குத் தெரியும். என்ன மீனு?"

"லோச்சு. கொளத்தூர்ல மீன்தொட்டிக் கடையில விப்பான். தொட்டி அடியில கீற அழுக்கெல்லாம் துன்னும். அப்பால அதைப் புட்சி சாரு துன்னுவாரு."

"எந்த சாரு?"

டில்லிபாபு அரோவானாவைக் காட்டினான். "அது வெலைக்கு நீயும் நானும் சார்னுதாம்மா சொல்லணும்."

"இதை எம்புட்டு நாளாப் போடுற?"

"கட தொறந்ததுலேந்து. எறா குட்தேன், துப்புது. மாத்திரை மாதிரி ஒரு தீனி, அது குட்தேன், மொறைக்குது. இத்த போட்டா மட்டும் சும்மா சுறுசுறுன்னு கீது."

பேச்சியம்மாள் தொட்டியின் அடியைப் பார்த்தாள். அலங்காரத்துக்குப் பரப்பிய கூழாங்கல்லுக்கு இடையிலிருந்து ஒரு மீசை வந்தது. பிறகு இன்னொன்று. மேலே பொன் செதில் நிழல் திரும்பியதும் இரண்டும் கல்லுக்குள் போய்விட்டன.

"அதுங்க கேடிம்மா" என்றான் டில்லிபாபு, சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிற பெருமையோடு. "மேல கீறவருக்குக் குனிஞ்சு துன்ற பழக்கம் இல்ல. அதனால பாதி கல்லுக்குள்ள பூந்து குடித்தனம் பண்ணிக்கினு கீது."

மதுரை பஸ், விழுப்புரம் பஞ்சர், சைதாப்பேட்டைச் சத்தியம் எல்லாம் பேச்சியம்மாளின் முகத்தில் வரிசையாக வந்து போயின. தன் புருஷனின் இலைக்குக் கிடைக்காத மீன், தன் புருஷன் கட்டிய கடையிலேயே, வாரா வாரம் பை பையாக வந்து இறங்கியிருக்கிறது. தெற்கே தங்கம் மாதிரி நிறுக்கிற மீனை இங்கே தொட்டி துடைக்கிற மீன் என்று விற்கிறார்கள். வாங்கினவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது, தின்றவருக்கு அக்கறை கிடையாது.

"பையைக் கட்டு. கொண்டா இங்க."

"அய்ய, சாரு பட்டினிம்மா."

"வெள்ளிக்கெழம ஒருபொழுது இருந்தா அவருக்குப் புண்ணியம்."

பையை அவள் கையில் வாங்கியபோது ராம்குமார் லிப்டிலிருந்து வெளியே வந்தான். அம்மா பிளாஸ்டிக் பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். விஷயம் புரிய அவனுக்கு நேரம் ஆகவில்லை. சிறுவயதில் அந்தக் குழம்பை அவனும் சட்டியோடு வழித்தவன்தான்.

"ம்மா, கஸ்டமரை உள்ள விடப்போறோம். அதைக் குடுத்துரு."

"இது என்ன மீனுன்னு தெரியுமாடா?"

"இத்தன நாளாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போடச் சொல்லியிருக்க மாட்டேன்."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. என்ன செய்யப்போற?"

ராம்குமார் யோசித்தான். யோசனையின் முடிவில் வாஸ்துதான் வந்தது. "அது வேற எதுவும் சாப்பிட மாட்டேங்குதாம்மா. அதுக்கு ஒண்ணுன்னா கடைக்கே ஆகாது."

"அதாவது, ஒம் மீனு தின்னா வாஸ்து. ஒங்கப்பன் இலையில வெச்சா பாவம். திங்கக்கெழம அழிஞ்சுபோன மீனு, வெள்ளிக்கெழம அதுக்குத் தீனி."

டில்லிபாபு ஸ்டூலிலிருந்து இறங்கவா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நின்றான்.

"வீட்ல சமைக்கக் கூடாதும்மா. முடிவு பண்ணியாச்சு" என்றான் ராம்குமார். குரலை இறக்கித்தான் சொன்னான். ஆனால் அதில் முதலாளி இருந்தான்.

"வீட்ல எதுக்கு? இங்கயே ஆக்குறேன். பி.டி. சில்க்ஸ்ல பி-ன்னா யாருடா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. விளக்கை ஏற்றினாள், ஒரு கும்பிடு போட்டாள், பையோடு லிப்டில் ஏறி மேலே போனாள். தலையை ஆட்டவே இல்லை.

படையல் ஞாயிற்றுக்கிழமை. ஆடித் தள்ளுபடியில் ஞாயிறு என்றால் அந்தத் தெருவில் காலை ஊன்றினால் எடுக்க முடியாது, எடுத்தால் மறுபடி ஊன்ற முடியாது. அதுவரை மெஸ்ஸில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அயிரைகள் மணலைக் கிளறிக்கொண்டு இருந்தன. சமையல்காரி செண்பகம் அவற்றுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றினாள். புடவைத் தளத்து ஆட்கள் ஒவ்வொருத்தராக ஏதோ வேலை இருப்பதுபோல மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் பக்கத்து ஆட்கள். ஒருத்தன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து போனில் அவன் அம்மாவுக்கே வீடியோ காட்டினான்.

ஞாயிறு காலை பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மீன்களைப் பாத்திரத்தில் விட்டு, தண்ணீரோடு கொஞ்சம் பால் ஊற்றினாள். அயிரை பாலைக் குடித்து, வயிற்றில் இருக்கிற மண்ணையெல்லாம் தானே கக்கிவிடும். சாவதற்கு முன்னால் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிற மரியாதை வேறு எந்த மீனுக்கும் கிடையாது. வயிறு தள்ளிய சினை மீன்களை மட்டும் அவள் விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து மணல் தொட்டிக்கே திருப்பி விட்டாள்.

"பெரியம்மா, அதுதானே ருசி?" என்றாள் செண்பகம்.

"ருசிதான். எல்லாத்தையும் இன்னிக்கே தின்னுட்டா நாளைக்கு எவன்கிட்டப் போயி சண்ட போட?"

பிறகு உப்பைப் போட்டு, சொரசொரப்பான மண்சட்டியில் உரசி, வழுவழுப்புப் போகக் கழுவினாள். சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி வறுத்து அரைத்த மசால், புளி. குழம்பு கொதித்து வற்றி எண்ணெய் பிரிகிற நேரம் பார்த்து மீனைப் போட்டு இறக்கினாள்.

மெஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் லிப்ட். சரக்கு ஏற்றிக்கொண்டு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்த லிப்ட், மொட்டைமாடியில் கதவைத் திறந்து வாசனையை ஏற்றிக்கொண்டது. பிறகு நியாயமாக ஒவ்வொரு தளத்திலும் நின்று பங்கு வைத்தது. குழந்தைகள் ஆடையில் கொஞ்சம், சுடிதாரில் கொஞ்சம். முகூர்த்தப் பட்டில் ஏ.சி. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது.

மயிலாப்பூரிலிருந்து பெண்ணோடு வந்திருந்த ஒரு மாமி, பிரித்துப் போட்ட பச்சைப் பட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "என்ன ஸார் இது, புடவைக் கடைன்னு நெனச்சுண்டு வந்தோம். மிலிட்டரி ஹோட்டலா?" என்று கேட்டாள். ராம்குமார் ஏ.சி. கோளாறு, ட்ரெய்னேஜ், பக்கத்துக் கட்டடம் என்று மூன்று காரணங்களை அடுத்தடுத்துச் சொன்னான். மாமி மூன்றையும் நம்பாமல் எழுந்து போய்விட்டாள். பச்சைப் பட்டு போனது போனதுதான்.

அதே தளத்தில் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்த விருதுநகர்க்காரர் ஒருவர், விலையைப் பேசிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் நிறுத்தினார். மூக்கைத் தூக்கினார். "ஏப்பா தம்பி, எந்த மாடியில அயிரை கொதிக்குது?" என்று விற்பனைப் பையனை விட்டுவிட்டு ராம்குமாரிடமே கேட்டார். அவன் மேலே கையைக் காட்டிவிட்டு நடந்தான்.

அவன் மொட்டைமாடிக்கு வந்தபோது கோபத்தோடுதான் வந்தான். படிக்கட்டில் ஏறினான், லிப்டில் அந்த வாசனையோடு தனியாக நிற்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கொட்டகையில் சுவரை ஒட்டி தனபாலன் படம். முன்னால் தலைவாழை இலை. சோறு, அப்பளம், அவித்த முட்டை, கத்திரிக்காய்ப் பொரியல், அவர் போடுகிற வெற்றிலை, அவர் படிக்கிற தினசரி. நடுவில் குழம்பு, சிவந்து, எண்ணெய் மின்ன, மீன் தலைகள் மேலே தெரிய.

"ம்மா, ஒரு முகூர்த்தப் பட்டு போயிருச்சு."

"போனா வரும். இது வருமா?"

"இதுதாம்மா நானும் சொன்னேன். அழிஞ்சுக்கிட்டு இருக்கிறதைப் போய்..."

"நல்லா சொன்ன. அப்ப கேட்டுக்க. நாளையிலருந்து அந்தத் தொட்டியில அயிரை விழக் கூடாது. டில்லிகிட்ட சொல்லியாச்சு. ஒம் மீனு எறா தின்னட்டும், இல்ல ஒன்ன மாதிரி சைவத்துக்கு மாறட்டும். ஒரு வருசத்துல எம் புருசனுக்கு ஒரு சட்டி. ஒம் மீனுக்கு ஒரு வாரத்துல ஒரு பை. அழிக்கிறது யாருடா?"

"அது சாப்பிடாம செத்துப்போச்சுன்னா?"

"செத்தா அதுக்கும் வருசா வருசம் இலை போட்டுரு. என்ன புடிக்கும்னுதான் தெரியுமே."

சாப்பிட வந்து வரிசையாக நின்ற ஆட்களில் ஒருத்தன் இருமினான். அது இருமல் இல்லை என்பது ராம்குமாருக்குத் தெரிந்தது.

கற்பூரம் காட்டுவது மகனின் வேலை. தட்டு அவனுக்காகத்தான் ஓரமாக வைத்திருந்தது. அவன் அதை எடுக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பேச்சியம்மாள் அவனைப் பார்த்தாள், அவன் நின்ற இடத்தையும் பார்த்தாள். பிறகு தட்டைத் தானே எடுத்துக் கற்பூரத்தைப் பற்ற வைத்தாள். பெண்கள் காட்டக் கூடாது என்று அவர்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்ல வேண்டிய ராம்குமார் கைகூப்பினான்.

கும்பிட்டு முடித்ததும் அவள் படைத்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள். செண்பகம் மற்றவர்களுக்குப் பரிமாறத் தொடங்கினாள். ஆளுக்கு ஒரு கரண்டி குழம்பு, அதில் மீன் வந்தால் அவரவர் அதிர்ஷ்டம். பேச்சியம்மாள் சோற்றைப் பிசைந்தாள். ஒரு அயிரையைத் தலையோடு வாயில் போட்டு, கண்ணை மூடாமல், மகனைப் பார்த்தபடியே மென்றாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் ராம்குமார். கேட்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

"புளி கொஞ்சம் தூக்கல்." அடுத்த வாயைப் பிசைந்தாள். "ஏ செண்பகம், தம்பி நிக்கிறான் பாரு. அவனுக்கு ஒரு இலையப் போட்டுத் தயிர்சோறு வையி. ஊறுகா எலுமிச்சைதானே? அதையும் பாத்து வையி, அதுலயும் அசைவம் கலந்துறப்போகுது."

ராம்குமார் உட்கார்ந்தான். தயிர்சோறு வந்தது. அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து, அவரவர் இலையைக் கடைசிப் பருக்கை வரை தின்று முடித்தார்கள்.